ரச்சும் பட்டனும் சேர்ந்த சிலைட் போன்: அப்பாவுக்கு இப்போது வாங்கிக் கொடுக்கலாமா?

மற்றவர்களும் வாசிப்பதால் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். நீங்கள் விசுவமடுப் பக்கம். அப்பாவுக்கு வயல்வேலை, விரல்கள் காய்த்துத் தடித்துவிட்டன. அண்ணா வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பிய பெரிய ரச் போன் அவருடைய கைக்கு ஒத்துவரவில்லை. "முந்தி வைச்சிருந்த சிலைட் போன்தான் நல்லம், அதில ரச்சும் இருந்தது பட்டனும் இருந்தது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பழைய போன் இரண்டு சிம் போடுவது, திரையை மேலே தள்ளினால் கீழே இலக்கப் பட்டன்கள் வரும் என்கிறீர்கள். இணையத்தில் அப்படியானவை இன்னும் விற்பனைக்குக் கிடக்கின்றன, ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா, பாவனைக்கு அவை உண்மையில் நல்லவையா என்பது உங்கள் கேள்வி. எனக்கு விளங்கிய வரையில், நீங்கள் கேட்பது போனைப் பற்றி என்றாலும் தேடுவது வேறு: காய்த்துப்போன விரலுக்குக் கீழ்ப்படிகிற ஒரு போன் வேண்டும். அது சிலைட் போனாகத்தான் இருக்க வேண்டுமா என்று பார்ப்போம்.

நான் கிளிநொச்சியில் போன் திருத்துகிற ஆள். மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில் பயிற்சி முடித்துவிட்டு மேசை போட்டவன், அதனால் நீங்கள் சொல்கிற வகைப் போன்களை நிறையவே கழற்றிப் பூட்டியிருக்கிறேன். வன்னியில் பெரும்பாலான வீடுகளுக்குக் கைபேசி வந்ததே 2009-க்குப் பிறகுதான், முகாமிலிருந்து திரும்பித் தறப்பாளுக்குக் கீழே இருந்துகொண்டு முதல் போனை வாங்கியவர்கள் ஏராளம். உலகச் சந்தையில் சிலைட் போன்களின் கடைசி நல்ல காலமும் அதுவேதான். வேறு ஊர்களில் நாலைந்து போன் மாற்றிய பிறகு கைக்கு வந்த சாமான், இங்கே பல அப்பாக்களுக்கு முதல் போனாக வந்தது. கை முதலில் எதில் பழகியதோ அதைத்தான் தேடும். ஆகவே அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைக்காதீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்க வேண்டாம். ஆனால் அப்பா சொல்வது சரி. அந்தப் போன் அவருக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும், அதற்குக் காரணங்களும் உண்டு. அந்தக் காரணங்களைத் தெரிந்துகொண்டால் அவருக்கு இப்போது என்ன வாங்குவது என்பது தானாக விளங்கும்.

ரச்சும் பட்டனும் உள்ள சிலைட் போன்கள் இரண்டு வகை. ஒன்று பக்கவாட்டில் தள்ளி முழு ஆங்கில விசைப்பலகையை வெளியே எடுப்பது, 2009-இல் வந்த நொக்கியா என்97, அதே ஆண்டின் கடைசியில் வந்த மோட்டோரோலா டிரொயிட், பிறகு நொக்கியா ஈ7 எல்லாம் அந்த இனம். எங்கள் பக்கத்தில் அவை அருமை. மற்றது மேல்நோக்கித் தள்ளினால் கீழே இலக்கப் பட்டன்கள் வருவது. நொக்கியா 2011-இல் அறிவித்த சி2-02, சி2-03, சி2-06 மூன்றும் இப்படித்தான். 2.6 அங்குலத் திரை, பின்னிரண்டிலும் இரண்டு சிம். நீங்கள் சொன்ன அடையாளங்களைப் பார்த்தால் அப்பாவிடம் இருந்தது இவற்றில் ஒன்றாக இருக்கலாம், போனைக் காணாமல் அதற்கு மேல் நான் சொல்ல முடியாது.

அந்தப் போன்களில் வேலை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மெனுவுக்குள் போவது, பெயர்ப் பட்டியலை உருட்டுவது, பாட்டுப் போடுவது எல்லாம் திரையில். இலக்கம் அழுத்துவதும் எழுத்து அடிப்பதும் பட்டனில். பழைய பட்டன் போன்களில் நடுவில் இருந்த மேல் கீழ் இடம் வலம் போகிற பட்டன் இவற்றில் இல்லை, ஆகவே பட்டனை மட்டும் வைத்து முழுப் போனையும் ஓட்ட முடியாது, திரையைத் தொட்டே ஆக வேண்டும். பாவனைக் கண்ணால் பார்த்தால் இது ஒரு குறைதான்: பெயரைத் திரையில் தேடு, பிறகு தள்ளித் திற, பட்டனில் அடி, திரும்பத் திரையைத் தொடு என்று பெருவிரல் மேலும் கீழும் அலைந்துகொண்டே இருக்கும். பக்கவாட்டு வகையில் இன்னும் மோசம், போனையே திருப்பிப் பிடித்து இரண்டு கையாலும் அடிக்க வேண்டும். என்97-இல் இடைவெளிப் பட்டனை நடுவில் வைக்காமல் வலப்பக்கத்தில் வைத்திருந்தார்கள், மூன்றே வரிசையில் எல்லாவற்றையும் அடக்கப் பார்த்ததன் விளைவு அது, அதில் பழகுவது லேசில்லை.

சரி, அப்படியானால் அப்பாவுக்கு ஏன் பிடித்தது? முதல் காரணம் பட்டன் இல்லை, திரை என்றுதான் நான் நினைக்கிறேன். இதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தக் காலத்து விலை குறைந்த ரச் திரைகள் அழுத்தத்தில் வேலை செய்தவை. மேலே வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் படலம், கீழே கண்ணாடி, இரண்டின் உட்பக்கத்திலும் மின்னைக் கடத்துகிற கண்ணுக்குத் தெரியாத பூச்சு, நடுவில் நுண்ணிய புள்ளிகள் அவற்றை ஒட்டவிடாமல் வைத்திருக்கும். அழுத்தினால் இரண்டு பூச்சும் தொட்டுக்கொள்ளும், எந்த இடத்தில் தொட்டது என்று மின்னழுத்தத்தை அளந்து போன் கண்டுபிடிக்கும். அழுத்துவது விரலா, நகமா, ஈர்க்குக் குச்சியா என்று அதற்குக் கவலை இல்லை. விரல் காய்த்திருந்தால் என்ன, சேறு பட்டிருந்தால் என்ன, அழுத்தினால் போதும். முல்லைத்தீவில் கடற்றொழிலுக்குப் போகிறவர்கள் ஈரக் கையோடு அந்தப் போன்களைப் பாவித்ததும் இதனால்தான்.

இப்போதைய போன்களின் திரை வேறு முறை. கண்ணாடிக்குக் கீழே ஒரு மின்புலம் எப்போதும் இருக்கும், விரல் கிட்ட வந்தால் அந்தப் புலம் மாறும், அந்த மாற்றத்தைத்தான் போன் 'தொட்டது' என்று எடுத்துக்கொள்ளும். அதற்கு விரலில் கொஞ்சம் ஈரப்பதம் வேண்டும், தோல் மெல்லியதாக இருக்க வேண்டும். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல் நுனியில் உலர்ந்த தோல் தடிப்பாக நிற்கிறது, அது மின்னை நன்றாகக் கடத்தாது, உள்ளே இருக்கிற ஈரச் சதை கண்ணாடியிலிருந்து தள்ளிப் போய்விடுகிறது. இன்னும் பலமாக அழுத்திப் பார்ப்பார்கள், இந்தத் திரைக்கு அழுத்தம் கணக்கே இல்லை, அதோடு விரலைக் கனநேரம் வைத்திருந்தால் 'நீண்ட தொடுகை' என்று எடுத்துக்கொண்டு வேறு எதையாவது திறந்துவிடும். போதாக்குறைக்கு அதன்மேல் தடித்த பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றையும் ஒட்டியிருப்போம். கையே உதவாமல் போய்விட்டது என்று வயதானவர்கள் மனம் சலிப்பது இந்த இடத்தில்தான். கையில் குற்றம் இல்லை, அந்தத் திரை அவருடைய கையை எண்ணிச் செய்யப்பட்டதில்லை.

பழைய திரையையும் அளவுக்கு மீறிப் புகழ மாட்டேன். பிளாஸ்டிக் படலம் கீறல் விழும், வெயிலில் வெளிறிப் போகும், நாள்பட்டால் தொட்ட இடம் ஒன்று, திறக்கிற இடம் இன்னொன்று என்று விலகும், அதைச் சரிசெய்யத் திரையின் மூலைகளில் வருகிற குறிகளை ஒவ்வொன்றாக அழுத்திக் காட்ட வேண்டும்.

இரண்டாவது காரணம், திறந்தால் கோல் எடுபடும், மூடினால் துண்டிக்கப்படும். இது அநேகமான சிலைட் போன்களில் இருந்த வசதி. இதைவிடத் தெளிவான ஒரு முறையை அதன் பிறகு நான் காணவில்லை. கண்ணாடி போடாமல், வரம்பில் நின்றுகொண்டு, ஒரு கையில் மண்வெட்டி இருக்க, மற்றக் கைப் பெருவிரலால் தள்ளினால் முடிந்தது. என் மேசைக்கு வருகிற வயதானவர்களில் அதிகம் பேர் திணறுவது தொடுவதில்லை, இழுப்பதில்தான். பச்சை வட்டத்தைப் பிடித்து இழுத்தால்தான் கோல் எடுபடும் என்பது அவர்களுக்கு ஒரு சோதனையாகவே இருக்கிறது, மணி அடித்து ஓய்ந்துவிடும்.

மூன்றாவதாகத்தான் பட்டன் வருகிறது. இலக்கம் அழுத்துவதற்குப் பட்டனைப் போல வேறெதுவும் இல்லை, இதை நான் உறுதியாகவே சொல்வேன். 5 என்ற பட்டனில் சின்னதாக ஒரு மேடு இருக்கும், பெருவிரல் அதைத் தடவிப் பிடித்துவிட்டால் மற்ற எல்லாம் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். பிள்ளைகளின் இலக்கத்தை மனப்பாடமாக வைத்திருந்து அடிக்கிற மனிதருக்கு, ரீலோட் மீதியைப் பார்க்க நட்சத்திரக் குறியும் (*) வேலிக் குறியும் (#) அடிக்கிற மனிதருக்கு அது பெரிய உதவி. நடுப்பகல் வெயிலில் திரை தெரியாவிட்டாலும் பட்டன் அகப்படும்.

ஆனால் எழுதுவது என்று வந்தால் கதை மாறும், தமிழில் எழுதுவது என்றால் இன்னும் மாறும். பட்டனின் மேல் ஒரு தடவை அச்சிட்டதை மாற்ற முடியாது. முழு விசைப்பலகை வந்த போன்களில் அச்சிட்டிருந்தது ஆங்கிலம். தமிழில் அடிக்க வேண்டுமானால் பாமினி, ரங்கநாதன், தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறைகளில் ஒன்றை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், கணினியில் பழகியவரைத் தவிர வேறு யாருக்கு அது முடியும்? இலக்கப் பட்டனில் ஓர் எழுத்துக்குப் பல தடவை அழுத்த வேண்டும், பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் குறிகளும் ஒரு டசின் பட்டனுக்குள் அடங்க வேண்டும் என்றால் பாருங்கள். திரையில் வருகிற விசைப்பலகையோ தமிழைத் தமிழாகவே காட்டுகிறது, விரும்பினால் ஆங்கிலத்துக்கு மாறுகிறது, பாதிச் சொல் அடிக்க மீதியைத் தானே தருகிறது. ஆகவே வேறு நாட்டவர் 'எழுதுவதற்குப் பட்டன்தான் நல்லது' என்று எழுதியிருப்பதை எங்களுக்கு அப்படியே எடுக்க வேண்டாம். உலகம் முழுக்கவும் இது கொஞ்சம் கொஞ்சமாக இப்படித்தான் போனது. 2008-இல் விற்பனைக்கு வந்த முதலாவது அன்ட்ராய்ட் போனான எச்ரிசி டிரீம் ஒரு சிலைட் போன், அது வந்தபோது அன்ட்ராய்டில் திரை விசைப்பலகையே கிடையாது, பட்டன்தான் ஒரே வழி. 2009 ஏப்ரலில் 1.5 பதிப்போடு திரை விசைப்பலகை வந்தது, அதன் பிறகு பட்டன் கட்டாயமில்லை என்றாகிவிட்டது. திரை பெரிதாகிக்கொண்டு போக, கீழே ஒரு தட்டை மறைத்து வைத்திருக்கிற தடிப்பு ஆட்களுக்குப் பாரமாகத் தெரிந்தது. என்97-இன் தடிப்பு 15.9 மில்லிமீற்றர், அடுத்த ஆண்டு வந்த ஐபோன் 4 வெறும் 9.3. 2015-இல் பிளக்பெரி பிரிவ் என்று அன்ட்ராய்டோடு ஒரு நல்ல சிலைட் போன் விட்டுப் பார்த்தது, அதன் பட்டன்களின் மேல் விரலைத் தடவினால் திரை உருளும். அதுவும் அந்த வகையைக் காப்பாற்றவில்லை.

இனி ஏன் வாங்க வேண்டாம் என்கிறேன் என்பதற்கு வருகிறேன், இதுதான் என்னுடைய தொழில். சிலைட் போனுக்குள் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் இணைப்பது ஒரு ஃபிளெக்ஸ். மெல்லிய படலம், அதில் மயிரிழை போன்ற செம்புக் கோடுகள். ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அது ஒரே இடத்தில் மடிந்து விரிகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து முறிப்போமே, அதேதான் அங்கே மெதுவாக நடக்கிறது. முதலில் போனைத் திறந்தால் திரை வெள்ளையாகும், மூடினால் திரும்ப வரும். அப்புறம் ஒரு குறிப்பிட்ட சரிவில் பிடித்தால்தான் படம் தெரியும். பிறகு காதுக்குள் சத்தம் விட்டு விட்டு வரும். கடைசியில் ஒன்றுமே தெரியாது, ஆனால் மணி மட்டும் அடிக்கும். இந்த வரிசையில் வந்தால் ஃபிளெக்ஸ்தான், பெரும்பாலும் சந்தேகமே இல்லை. திறந்தும் கோல் எடுபடாவிட்டால் வேறு பழுது, தட்டு திறந்ததைக் கண்டுபிடிக்க உள்ளே காந்தமும் அதை உணர்கிற சின்ன உறுப்பும் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

இதோடு எங்கள் மண்ணும் சேர்ந்துகொள்கிறது. சிலைட் போன் மூடியிருக்கும்போதும் இரண்டு தட்டுக்கும் நடுவில் ஒரு நீக்கல் உண்டு. கோடையில் செம்மண் தூசி அதற்குள் போய், தட்டு ஓடுகிற தண்டவாளத்தில் அரைபடும், தட்டு இறுகும் அல்லது ஆடத் தொடங்கும். பட்டனுக்குக் கீழே 'டிக்' என்று அமுங்குகிற சின்ன உலோகக் குமிழ்கள் ஒரு தாளில் ஒட்டியிருக்கும், அதற்குள் தூசியும் வியர்வையும் போனால் 3-ஐ அழுத்த இரண்டு தடவை விழும், அல்லது விழவே விழாது. மாரியில் இணைப்புகள் பச்சை பூத்துவிடும், கடற்கரைப் பக்கம் என்றால் இன்னும் கெதியாக. முன்பு ஃபிளெக்ஸ் மாற்றித் திருப்பிக் கொடுப்போம், அந்தச் சாமான் இப்போது எங்களுக்கு வருவதில்லை. கழித்த போன்களில் இருந்து எடுத்துப் போட்டால் அதுவும் பாதி ஆயுள் போனது. இணையத்தில் 'பாவிக்காத புதுப் போன்' என்று போட்டிருந்தாலும் பற்றரி பல ஆண்டு சும்மா கிடந்ததாக இருக்கும், சார்ஜ் ஏறாது அல்லது பருத்திருக்கும். நல்லதாகவும் ஒன்று அகப்படலாம், ஆனால் வாங்கும்போது பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை, மடிந்த இடம் உள்ளே இருக்கிறது.

அடுத்தது, அந்தப் போனில் இப்போது என்ன செய்யலாம் என்பது. சி2 வகை 2ஜி போன்கள், கோலும் குறுஞ்செய்தியும்தான் நம்பிக்கை. வட்ஸ்அப் நொக்கியாவின் சிம்பியன் (என்97, ஈ7 போன்றவற்றின் இயங்குதளம்) போன்களைக் கைவிட்டது 2017 ஜூனில், எஸ்40 (சி2 போன்ற எளிய போன்களின் இயங்குதளம்) போன்களை 2018 டிசம்பரில். பழைய பிளக்பெரிகளுக்கான சேவைகளை அந்த நிறுவனமே 2022 ஜனவரி 4-ஆம் தேதியோடு நிறுத்தியது. உங்கள் அண்ணா வெளிநாட்டில் இருக்கிறார். அப்பாவுக்கு அவருடைய முகத்தைப் பார்த்துக் கதைக்க வேண்டுமா இல்லையா? வேண்டுமானால் நீங்கள் சொல்கிற வகைப் பழைய சிலைட் போன் உதவாது.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இதுதான். முதலில் இப்போது இருக்கிற ரச் போனை அவருடைய கைக்கு இணங்கப் பண்ணிப் பார்ப்பேன். மேலே ஒட்டியிருக்கிற கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு நாள் பாவிக்கச் சொல்லுங்கள், பலருக்கு இதிலேயே பாதிப் பிரச்சினை தீர்கிறது. ஈரத்துணியில் விரலைத் துடைத்துவிட்டுத் தொட்டால் எடுபடுகிறதா என்று பாருங்கள். எடுபட்டால் பிரச்சினை தோலின் உலர்வுதான், சுட்டுவிரலுக்குப் பதிலாக அதிகம் காய்க்காத சின்னவிரலையோ விரலின் பக்கவாட்டையோ பழக்கலாம், அல்லது கடைகளில் விற்கிற ரப்பர் நுனிக் குச்சி ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். சாம்சங் என்றால் அமைப்புகளில் திரைக்குரிய பகுதியில் தொடு உணர்திறனைக் கூட்டுகிற ஒன்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். அணுகல்தன்மைப் பகுதியில் எவ்வளவு நேரம் தொட்டால் தொடுகை, திரும்பத் திரும்பத் தொட்டால் எதை விட்டுவிடுவது என்பதையெல்லாம் மாற்றலாம், ஐபோனிலும் இதற்கு ஒத்தது உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், சாம்சங்கின் கோல் அமைப்பில் ஒலியைக் கூட்டுகிற பக்கப் பட்டனை அழுத்திக் கோல் எடுக்கவும், பவர் பட்டனை அழுத்தித் துண்டிக்கவும் வைக்கலாம். மற்ற அன்ட்ராய்ட் போன்களில் பவர் பட்டனால் துண்டிக்கிற வசதியாவது இருக்கும். அதாவது அப்பா தேடுகிற பட்டன் அந்த ரச் போனின் விளிம்பிலேயே இருக்கிறது, அதற்கு வேலை கொடுக்கத்தான் வேண்டும். முகப்புத் திரையில் மூன்று நான்கு பிள்ளைகளின் படத்தைப் பெரிதாகப் போட்டு, தொட்டால் நேரே கோல் போகிற மாதிரி வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். எழுத வேண்டியிருந்தால் அவர் எழுத வேண்டாம், கூகுளின் குரல் தட்டச்சில் இலங்கைத் தமிழ் என்று தனியாகவே உண்டு, எங்கள் பேச்சை முழுதாக அப்படியே பிடிக்காது, ஆனால் குறுஞ்செய்திக்குப் போதும்.

இதெல்லாம் செய்தும் அவருக்குச் சரிவராவிட்டால், அல்லது கண் மங்கலும் கை நடுக்கமும் சேர்ந்திருந்தால், தள்ளுகிற போன் வேண்டாம், அசையாத பெரிய பட்டன்கள் உள்ள சாதாரண பட்டன் போன் ஒன்று வாங்குங்கள். 4ஜி எடுப்பதாகப் பார்த்து வாங்கினால் நல்லது. அதில் மடிகிற ஃபிளெக்ஸ் இல்லை, தண்டவாளம் இல்லை, வயலுக்குக் கொண்டுபோய் வரம்பில் விழுந்தாலும் தாங்கும், பட்டன் தாள் பழுதானால் மாற்றவும் செலவு குறைவு. அவருடைய இலக்கம் உள்ள சிம்மை அதில் போட்டுவிட்டு, ரச் போனை வீட்டில் வைத்து அண்ணாவோடு படம் பார்த்துக் கதைக்கப் பாவியுங்கள். வட்ஸ்அப்பை அதே இலக்கத்தில் பதிந்தால் போதும், சிம் அந்தப் போனுக்குள் இருக்க வேண்டும் என்றில்லை, பதிகிற நேரத்தில் வருகிற குறியீட்டைப் பட்டன் போனில் பார்த்து அடிக்கலாம். இரண்டு போன் என்றால் செலவு என்று நினைப்பீர்கள், ஆனால் பழைய சிலைட் ஒன்றை வாங்கி, அது பழுதாகி, இன்னொன்று தேடுவதைவிடக் குறைவாகவே முடியும் என்பது என் அபிப்பிராயம்.

ஒன்று மட்டும். அந்தப் பழைய போன் இன்னும் வீட்டில் எங்காவது கிடந்து, கொஞ்சமாவது திரை தெரிந்தால், அதைத் திறந்து மூடி விளையாட விடாதீர்கள். திரை தெரிகிற நிலையிலேயே வைத்துக்கொண்டு பெயர்களையெல்லாம் சிம்முக்குப் பிரதி எடுத்துவிடுங்கள். சாதாரண சிம்மில் 250 பெயர் அளவுக்குத்தான் கொள்ளும், தமிழில் எழுதிய பெயர் ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் நீளமானவை பாதியில் வெட்டுப்படும், ஆகவே மாற்றிய பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். திரை முழுக்கவே போயிருந்தால் எறிய வேண்டாம், ஃபிளெக்ஸ் செத்த போனின் நினைவகம் அநேகமாக நல்லாகத்தான் இருக்கும், உங்கள் பக்கத்தில் திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோய் கணினியில் பூட்டிப் பெயர்களை எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.